ஒரு வரியை விட்டுப் படித்தவள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் கடைசிக் குறை 1981-இல் தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மற்றவை அப்படியே இருக்கின்றன. கணியம்பாடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள் இந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வோம்: அப்பா இல்லாத வீடு.

செத்துப்போய் இல்லை, பட்டாளத்துக்குப் போய். எங்கள் பக்கம் வந்து 'மிலிட்டரிக்காரர் வீடு எது' என்று கேட்டால், எந்த மிலிட்டரிக்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள். கம்மவான்பேட்டைக்கு மிலிட்டரிப்பேட்டை என்றே இன்னொரு பேர். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. கீழே பூ வாங்குகிறவர்கள் அண்ணாந்து மணி பார்ப்பார்கள், கல்லைப் படிக்க மாட்டார்கள். இந்த கிராமத்திலிருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. (வேலூரைப் போய் கிராமம் என்று எழுதிவிட்டானே என்று எங்க அப்பாவுக்குக் கடைசிவரை ஆத்திரம்.)

அந்த 14 பேருக்காவது ஒரு கல் கிடைத்தது. என் யோசனை எல்லாம் திரும்பி வந்த மற்ற 263 பேரின் வீடுகளைப் பற்றி. நான்கு வருஷம் அந்த வீடுகளில் கடுதாசி வந்திருக்கும். வந்ததை யார் படித்துக் காட்டியிருப்பார்கள்? பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் பலர் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லித்தான் கடிதம் எழுதினார்கள். அதைத் தணிக்கை அதிகாரிகள் படித்துப் பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். சொன்னவன் ஒருவன், எழுதினவன் ஒருவன், வரியை அடித்து நீக்கினவன் ஒருவன். இந்தக் கரையில் படித்துக் காட்டினவர் நான்காவது ஆள். அந்த நாலாவது ஆளாக நான் இருந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் பிறந்தது 1977. அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. பெங்களூர் அல்சூரில் அவர்கள் சென்டர். அந்தப் படையில் சிப்பாயைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவைவிடச் சின்ன வயசு ஆபீசர்கூட அவரைத் தம்பி என்பாராம். சிகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது எனக்கு ஐந்து வயசு. அங்கே மூன்று வருஷம் கேந்திரிய வித்யாலயாவில் படித்தேன். இந்தப் பள்ளிகள் 1963-இல் தொடங்கியதே எங்களை மாதிரிப் பெட்டி தூக்கும் குடும்பங்களுக்காகத்தான். முதலில் எடுத்துக்கொண்டது 20 ரெஜிமென்ட் பள்ளிகளை. எந்த ஊருக்கு மாற்றலானாலும் அதே பாடம், அதே புத்தகம். நல்ல ஏற்பாடு. அந்த அதே புத்தகத்தில் தமிழ் மட்டும் கிடையாது.

1985-இல் அப்பாவுக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்தது. ஃபீல்டுக்குக் குடும்பம் போக முடியாது. அம்மா, நான், மறு வருஷம் பிறந்த தம்பி எல்லாரும் ஊரோடு தங்கிவிட்டோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். டீச்சர் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசி என்றார். எனக்கு அ தெரியும், ஆ தெரியும், அம்மா தெரியும். அதற்கு மேல் ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளோடு தரையில் உட்கார வைத்தார்கள். பட்டப்பேர் இந்திக்காரி.

இன்று நானே தொடக்கப் பள்ளி ஆசிரியை. அப்போது எனக்கு என்ன நடந்தது என்பது இப்போது புரிகிறது. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் என்பவர் செய்த ஆய்வு 2007-இல் வந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு நூற்றுக்கணக்கில். அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துகளை முழுசாக வசப்படுத்த மூன்று நான்கு வகுப்பு தாண்டிவிடுகிறது என்கிறது அது. தமிழில் 247. நெடுங்கணக்கு ஒரு நீண்ட படிக்கட்டு. அதில் பாதியில் ஒரு பிள்ளையைத் தூக்கி வேறு படிக்கட்டில் விட்டால் இரண்டிலும் மேலே போகாது. பட்டாளத்துப் பிள்ளை என்றால் சுறுசுறுப்பு, ஒழுங்கு, நாலு பாஷை பேசும் என்று ஊரில் ஒரு நினைப்பு. நாலும் பேசும், சரிதான். பாட்டிக்கு ஒரு தபால் கார்டு எழுதச் சொல்லிப் பாருங்கள்.

என்னை மேலே ஏற்றியது பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவின் இன்லேண்டு லெட்டர். பதினைந்து நாளுக்கு ஒன்று வரும். அனுப்புநர் இடத்தில் நம்பர், ரேங்க், பேர், யூனிட், கீழே 'மே/பா 56 ஏ.பி.ஓ.'. ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். காஷ்மீராக இருந்தாலும் அருணாசலமாக இருந்தாலும் விலாசம் இதுதான். ரொம்ப நாள் வரை 56 ஏ.பி.ஓ. என்று ஓர் ஊர் இருப்பதாகவும், அங்கே எல்லா வீட்டு அப்பாக்களும் ஒரே தெருவில் குடியிருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மூன்றாவது வரை படித்தவள். அச்செழுத்தைத் தடவித் தடவிப் படிப்பாள், கையெழுத்து ஓடாது. அதிலும் அப்பா கையெழுத்து. எட்டாவது முடித்துவிட்டு ஓடிப்போய் சேர்ந்தவர், புள்ளியே வைக்க மாட்டார். 'பணம அனுபபியிருககிறேன. அமமாவிடம சொலலவும.' இப்படித்தான் கடிதம் முழுக்க. ஓலைச்சுவடியிலும் புள்ளி இருக்காது, படிக்கிறவன்தான் இட்டுக்கொள்ள வேண்டும் என்று பின்னால் தெரிந்தபோது அப்பா மேல் திடீரென்று மரியாதை கூடியது. ஒரு எழுத்துக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று தெரிய, அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டும். சொல் என்ன என்று தெரிய, அப்பா இந்த இடத்தில் என்ன சொல்வார் என்று யோசிக்க வேண்டும். ஆறு மாசத்தில் வகுப்பிலேயே வேகமாக வாசிக்கிறவள் நான் ஆனேன். பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கு இறங்குவது, எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளுக்கு ஏறுவது என்று பயிற்சி வகுப்புகளில் இப்போது பாடம் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரு நீலத் தாளில் நடந்தது.

தெருவுக்கே கடுதாசி படிக்கும் வேலை தானாக என்னிடம் வந்தது. எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டு ஆண்கள் பட்டாளத்தில். பதினோரு மணிக்குத் தபால்காரர் வருவார். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை கடிதம் பிரிக்காமல் அரிசிப் பானை மேல் இருக்கும். கூலி, ஒரு கை வேர்க்கடலை. கோடையில் மாங்காய். 'நலம், நலமறிய ஆவல்' என்பதை ராகம் போட்டு மெதுவாகப் படிக்க வேண்டும், அதை வேகமாகத் தாண்டினால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். "இன்னாடி அவசரம், நலம்னு கீதுல்ல, நல்லா சொல்லு" என்பார்.

சின்னப் பெண் படிக்கப் போகிறாள் என்று அந்தப் பக்கம் எழுதுகிறவர்களுக்கும் தெரியும். அதனால் பொண்டாட்டிக்கு எழுத வேண்டியதை எழுத மாட்டார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் 'கறுப்புப் பசுவை நன்றாகப் பார்த்துக்கொள், அது என் கண்ணிலேயே நிற்கிறது' என்று எழுதுவார். அவர் வீட்டில் பசு கிடையாது. அந்த அத்தை ஏன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

1987 ஜூலை 29-இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. நம் படை போனது. அப்பாவின் யூனிட்டும் போனது. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. வானொலிச் செய்தியில் இடங்களின் பேரெல்லாம் தமிழில் வந்தன. முன்பு வந்த போர்ச் செய்திகளில் இப்படி இல்லை. காதில் விழுந்ததுமே ஊர் புரிந்தது. டீக்கடையில் அப்பாவைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள், இரண்டும் எங்கள் காதில் விழுந்தது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் திரும்பும்போது ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்த கணக்கு. அன்றைக்குத் தெரிந்தது, பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் என்பது முப்பது நாளாகி, பிறகு ஐம்பது நாளானது.

வந்தது ஒரு நாள். திண்ணையில் அம்மா, பெரியம்மா, இன்னும் இரண்டு பேர். நான் ஐந்தாம் வகுப்பு. நலம், நலமறிய ஆவல் முடிந்தது. தம்பிக்குத் தடுப்பூசி போட்டாயா என்று கேட்டிருந்தார், படித்தேன். அடுத்த வரி: போன லீவில் என்னோடு நம் வீட்டுக்கு வந்து களி சாப்பிட்டுப் போனானே அந்தப் பையன், பாதையில் வைத்திருந்த வெடியில் போய்விட்டான், நான் அவனுக்கு நாலு அடி பின்னால் இருந்தேன். புள்ளி இல்லாமல்தான் எழுதியிருந்தார். எனக்கு ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை.

"இங்கே ஒரே மழை" என்று படித்தேன்.

பிறகு, பணம் வந்ததும் எழுதவும், இப்படிக்கு அன்புள்ள. மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அவள் அதை வழக்கம்போல் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் அப்பாவின் நம்பர்.

அந்த வருஷம் எனக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கோயிலில் கயிறு கட்டினார்கள். மார்க் ஒன்றும் குறையவில்லை, இன்னும் ஏறியது. அதனால் யாருக்கும் கவலை இல்லை. அந்த நாலு அடியை நான் தினமும் அளந்துகொண்டிருந்தேன். வீட்டு வாசற்படியிலிருந்து துளசி மாடம் நாலு அடி. பெஞ்சிலிருந்து கரும்பலகை நாலு அடிக்குக் கொஞ்சம் மேலே.

எங்கள் கணியம்பாடி ஒன்றியம் ஆராய்ச்சிக்குப் பழகின மண். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காரர்கள் பல வருஷமாக வீடு வீடாக வந்து பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, குழந்தை எடை எல்லாம் எழுதிக்கொண்டு போவார்கள். தராசு தூக்கிக்கொண்டு வரும் அக்காவை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அக்காவிடம் வயிற்று வலி என்று சொன்னேன், கடிதத்தைச் சொல்லவில்லை. அவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்? மனசு சம்பந்தமாக எங்கள் பக்கம் ஒரே ஒரு சொல்தான் உண்டு: பாகாயம். 1957-இல் அங்கே மனநல மருத்துவமனை வந்தது. அதிலிருந்து யாராவது கொஞ்சம் விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாலும் 'பாகாயத்துக்குக் கூட்டினு போவணும்' என்று கேலி. மிலிட்டரிக்காரம்மா தூங்கவில்லை என்று சொன்னால், மாசம் மணியார்டர் வருது, கேன்டீன் சாமான் வருது, இன்னா கொறை என்பார்கள்.

இதையெல்லாம் எண்ணிக்கையாக வேறு தேசத்தில் பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. அமெரிக்காவில் ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் சுமார் 1,500 ராணுவக் குடும்பங்களைப் பேட்டி கண்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவான பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் கூடுதல் என்கிறது. பிரிவின் மாதங்கள் கூடக் கூட அது கூடுகிறது. வீட்டில் இருக்கும் பெற்றவர், பெரும்பாலும் அம்மா, மனசளவில் தளர்ந்திருந்தால் பிள்ளைக்கு இன்னும் கூடுகிறது. அடுத்த வருஷம் அதே நிறுவனத்தார் வடக்கு கரோலினா, வாஷிங்டன் மாநிலங்களில் பள்ளி மதிப்பெண்களைப் பார்த்தார்கள். அப்பாவோ அம்மாவோ மொத்தமாக 19 மாதம் அல்லது அதற்கு மேல் போர்முனையில் இருந்த பிள்ளைகள் படிப்பில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். எத்தனை தடவை போனார் என்பதில் வித்தியாசம் தெரியவில்லை, மொத்தம் எத்தனை மாதம் என்பதில் தெரிந்தது.

19 மாதம் என்று படித்ததும் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நம் சிப்பாய்க்கு வருஷத்தில் 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல். முழுசாகக் கிடைத்தால் மூன்று மாதம். நான் பிறந்தது 1977, அப்பா ரிட்டயர்டு ஆனது 1991. சிகந்திராபாத் மூன்று வருஷத்தைக் கழித்தால் 11 வருஷம், 132 மாதம். வீட்டில் இருந்தது மிஞ்சிப்போனால் 33. மீதி 99. அமெரிக்கச் சிப்பாய் ஈராக்கில் இருந்த மாதத்தையும் எங்க அப்பா ஏதோ ஓர் அமைதியான கன்டோன்மென்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த மாதத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை, தெரியும். இருந்தாலும் 99 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆய்வுகளோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. படிப்பும் மனநலமும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும் என்கிற மாதிரியே அவற்றைப் படிக்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்குத்தான் வயிற்று வலி வந்தது. எழுத்தறியாத தம்பி நிம்மதியாகத் தூங்கினான். வாசிப்பு என்னைக் காப்பாற்றியது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் சரி என்று தலையாட்டுவேன். என் விஷயத்தில் அது முதலில் செய்தது, பெரியவர்களுக்கு முன்னால் என்னிடம் சேதியைக் கொண்டுவந்து கொடுத்தது. பத்து வயசுப் பிள்ளையை ஒரு தந்தி ஆபீசாக்கியது.

அதனால்தான், ராணுவக் குடும்பங்களுக்குப் புத்தகம் அனுப்புகிற அமைப்புகளைப் பற்றி முதலில் தெரிந்தபோது சிரித்தேன். அமெரிக்காவில் ஒன்று 1989-இல் தொடங்கியது, பேர் யுனைடெட் த்ரூ ரீடிங். தொடங்கிய பெட்டி மோலன்ப்ராக் கடற்படை மருத்துவர் ஒருவரின் மனைவி, வாசிப்பு கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. போகிற இடத்திலிருந்து அப்பாவோ அம்மாவோ ஒரு கதைப் புத்தகத்தை வாசித்து வீடியோ எடுத்து அனுப்புவார்கள். பிள்ளை அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும். இங்கிலாந்தில் ரீடிங் ஃபோர்ஸ் என்று இன்னொன்று. அதைத் தொடங்கியவரும் ஒரு ராணுவ அதிகாரியின் மனைவிதான், அலிசன் பேவர்ஸ்டாக், பல்கலைக்கழகத்தில் பதிப்புத்துறைப் பேராசிரியர். குடும்பத்தில் எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவார்கள், ஒரு ஒட்டு நோட்டில் படம் வரைவார்கள், எழுதுவார்கள். புத்தகமும் நோட்டும் இலவசம். வெள்ளைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன். கண்ணிவெடிக்கு முயல் கதை மருந்தா?

பிறகு ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது உறைத்தது. கதைப் புத்தகத்தில் சேதி இல்லை. கடிதத்தைப் பிரிக்கும்போது வயிற்றில் ஒன்று புரளும், அடுத்த வரியில் என்ன இருக்குமோ என்று. முயல் கதையில் அடுத்த வரியில் முயல்தான் இருக்கும். அதே அப்பா, அதே குரல், ஆனால் சொல்வதற்கு அவரிடம் கெட்டது ஒன்றும் இல்லை. எங்க அப்பா 11 வருஷத்தில் வீட்டுக்கு 200 கடிதத்துக்குப் பக்கமாக எழுதியிருப்பார். ஒன்றில்கூட ஒரு கதை இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. இன்லேண்டில் அவ்வளவு இடம் ஏது.

என் தம்பியும் சாப்பர்ஸிலேயே தம்பி ஆகிவிட்டான். அவன் மகன் எங்களோடு இருக்கிறான், மூன்றாம் வகுப்பு. இப்போது தினமும் வீடியோ கால். முன்னைக்கு இது எவ்வளவோ மேல் என்று எல்லாரும் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "சாப்ட்டியா?" "ம்." "ஸ்கூல் போனியா?" "ம்." "நல்லாப் படி." "ம்." பிறகு படம் உறைந்துபோகும், அப்பாவின் வாய் பாதி திறந்தபடி நிற்கும். பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிவிடுவான். மூன்று நிமிஷத்துக்கு மேல் போனது கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்றபோது சொல்வதற்குப் பேச்சு சேர்ந்திருந்தது. தினமும் என்றால் சேர்வதற்கு ஒன்றும் இல்லை.

வாசிப்பிலும் அவன் நொண்டினான். பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க நாடு முழுக்கக் கிராமங்களில் எடுக்கும் ஆசர் கணக்கெடுப்பில் நீட்டுகிறார்களே அந்த மாதிரித் தாள்: எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு கதை. சொல்வரை வந்தான், பத்தியில் நின்றுவிட்டான். அவன் மட்டும் இல்லை. 2018-இல் இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 27.3 சதவீதம் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2022-இல், அது 20.5. தமிழ்நாட்டு எண் அதற்கும் கீழே. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் அந்தப் பள்ளத்தை மூடத்தான் வந்தது. அத்தை டீச்சராக இருந்தும் மருமகன் வாசிக்கவில்லை என்று ஊரில் சிரிப்பார்களே என்பது என் தனிக் கவலை.

வாசிப்பு இயக்கத்துக்காகப் பள்ளிக்கு வந்த சின்னப் புத்தகங்கள் எனக்குப் பிடித்தவை. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருப்பார்கள். அந்த மாதிரியே கனமில்லாத படக்கதைகள் நாலைந்தைக் கடையில் இரண்டு இரண்டு பிரதியாக வாங்கினேன். தம்பி லீவு முடிந்து கிளம்பும்போது ஒவ்வொன்றிலும் ஒன்றை அவன் பெட்டியில் வைத்தேன். காட்பாடியில் ஹிம்சாகர் ஏறும்வரை சண்டை. "இன்னாக்கா இது, பேரக்ல பசங்க பாத்தா ஓட்டுவானுங்க." நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும் என்றேன். மூன்று நாள் ரயில். படிக்க வேறொன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

முதல் மூன்று வாரம் படுதோல்வி. தம்பி பரேடு கமாண்டு கொடுக்கிற குரலில் வாசிப்பான், பையன் கொட்டாவி விடுவான். வொய்ட்ஹர்ஸ்ட் என்பவர் 1988-இல் சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்த ஒரு முறை ஞாபகம் வந்தது: பெரியவர் வாசித்துத் தள்ளக் கூடாது, கேட்க வேண்டும், பிள்ளை கதை சொல்கிறவனாக மாற வேண்டும். பெற்றவர்களுக்கு ஒரு மாதம் இந்தப் பழக்கத்தைக் கொடுத்ததிலேயே பிள்ளைகளின் பேச்சு முன்னேறியதாம். தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "உன் புக்ல ஒரு பக்கம் கிழிஞ்சிபோச்சின்னு சொல்லுடா, அவன் சொல்லட்டும்" என்றேன். பட்டாளத்துக்காரனுக்குப் பொய் நன்றாக வருகிறது. அன்று கால் பதினேழு நிமிஷம் போனது. யானை ஏன் குளத்தில் இறங்கவில்லை என்று அப்பாவுக்குப் பையன் விளக்கினான். தம்பி நம்பவில்லை. பையன் கோபமாகப் பத்தியை விரல் வைத்துப் படித்துக் காட்டினான், தடுக்கித் தடுக்கி, நாலு வரி.

இப்போது பத்தி படிக்கிறான். புத்தகத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அவன் டீச்சரும் பாடுபட்டிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் நெட்வொர்க் கிடைக்காது. தம்பி இருக்கும் இடத்தை இங்கே எழுத மாட்டேன், 56 ஏ.பி.ஓ. என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. டிரங்குப் பெட்டி இன்னும் அம்மா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் பையன் போனில் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னிடம் சொன்னாள்: "நீ அன்னிக்கு ஒரு எடத்துல நின்னுட்ட. மழன்னு சொன்ன."

எனக்குக் கை நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

"தெரியுமா உனக்கு?"

"மறுநா தபால்காரருகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் தடுப்பூசி வரைக்கும் நல்லாத்தான் படிச்சாரு. அப்புறம் ஒரு முழுங்கு முழுங்கினாரு. இங்க வெயிலு ஜாஸ்தின்னாரு."

கீரைக் காம்பைத் தனியாகப் போட்டாள்.

"மழன்னு ஒருத்தி, வெயிலுன்னு ஒருத்தரு. அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் குடுக்கல. உங்கப்பா அடுத்த லீவுல வர்ற வரைக்கும் அதை எடுத்து எடுத்துப் பாத்துகினு இருப்பேன்."

உள்ளே பையன் குரல் உயர்ந்தது. அன்றைக்கு அவன் அப்பாவின் முறை. தம்பிக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது போல, வேகமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நில்லு நில்லு. நீ ஒரு வரிய வுட்டுட்ட. குட்டி யானை அழுதுச்சின்னு ஒரு வரி கீதுல்ல, அத படி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு தம்பி அந்த வரியைப் படித்தான்.